சிறப்பு ழகரம்

கஸ்தூரியின் தலையைத் திறக்கும்போது அவள் எதிரில் யார் உட்காருவது என்று முடிவு செய்ய, ஜொகூர் பாருவின் பெர்மாஸ் ஜெயாவில் அவள் வீட்டிலேயே ஒரு கூட்டம் நடந்தது. கஸ்தூரியைத் தவிர எல்லாரும் பேசினார்கள்.

அவள் பேசத் தெரியாதவள் அல்ல. பேச்சுதான் அவளுக்குச் சோறு. தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் பஸ்களை ஊரில் கிலாங் பஸ் என்பார்கள். எந்த பஸ் எந்த வாசலுக்குப் போக வேண்டும், எந்த டிரைவர் எந்தக் கடையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கிறார் என்று, இரண்டு கைப்பேசியையும் ஒரு வாக்கிடாக்கியையும் வைத்துக்கொண்டு, ஒரு சின்ன அலுவலகத்திலிருந்து அவற்றை வருடக்கணக்காக ஓட்டிக்கொண்டிருப்பவள் அவள். தமிழில் ஆரம்பித்து, மலாயில் வளைந்து, ஹொக்கியன் சீனத்தில் கொஞ்சம் காரம் தூவி, ஆங்கிலத்தில் வந்து நிற்பாள். டிரைவர்கள் அந்த வாய்க்கு 'ஹெட் ஆபீஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

பொங்கல் கழிந்து ஒரு காலை, ஹெட் ஆபீஸ் நின்றுபோனது.

"செல்லப்பண்ணே, நீங்க அங்க நிக்காதீங்க, நேரா..." என்றாள் வாக்கிடாக்கியில்.

"நேரா எங்கம்மா?"

பாசீர் கூடாங் என்று சொல்ல வேண்டும். துறைமுகம் கண்ணுக்குத் தெரிந்தது, எண்ணெய்த் தொட்டிகள் தெரிந்தன, வாசலில் நிற்கும் நேப்பாளத்துக் காவலாளிகூடத் தெரிந்தான். பெயர் மட்டும் வரவில்லை. வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் டிரைவர் செல்லப்பன் வாக்கிடாக்கியைத் தொடையில் தட்டிப் பார்த்தார். கஸ்தூரி வாய் நின்றிருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பேட்டரி செத்துவிட்டது என்று நினைத்தார்.

ஜொகூர் பாருவில் மூளை அறுவை செய்யும் டாக்டர் ஓங், படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிக் காட்டினார். இடது பக்கம், மடிப்புக்குள் மடிப்பாக, வெகு ஆழத்தில், சின்ன முசுக்கட்டைப் பழம் போல ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. மெல்லிய ரத்தக் குழாய்களின் முடிச்சு. கேவர்நோமா என்று பெயர். புற்று இல்லை. ஆனால் ஒருமுறை ரத்தம் கசிந்திருக்கிறது, மறுபடியும் கசியும்.

"முழுசா எடுத்தா நிம்மதி," என்றார் மலாயில். "துளி மிச்சம் வெச்சாலும் அது மறுபடி கசியும். அடுத்த தடவ இந்த மாதிரி அரை நிமிஷத்துல பேச்சு திரும்பி வராது. ஆனா அதச் சுத்தி இருக்கிறதெல்லாம் உங்க பேச்சு நரம்பு. அதத் தொட்டுட்டா நானே உங்க பேச்ச எடுத்த மாதிரி."

"அப்புறம் எப்படி எடுப்பீங்க?"

"மைக்ரோஸ்கோப் வெச்சு. நீங்க முழிச்சிருக்கணும். நான் ஒவ்வொரு இடமா லேசா மின்சாரம் கொடுத்துப் பாப்பேன். உங்களுக்குப் படம் காட்டுவாங்க, நீங்க பேர் சொல்லணும். பேர் சரியா வந்தா எடுப்பேன். தப்பா வந்தா அங்க கை வைக்க மாட்டேன். உங்க வாய்தான் எனக்கு மேப்."

"தலையத் தொறந்து வெச்சுக்கிட்டா?"

"மூளைக்கு வலி தெரியாது, புவான்," என்றார் மலாய் மரியாதைச் சொல்லோடு.

இது கஸ்தூரிக்குப் புதிய செய்தியல்ல. அவள் வாக்கப்பட்ட குடும்பத்தில் சிலர் அதற்கு நடமாடும் அத்தாட்சிகள்.

ஒரே சிக்கல், சோதனையைத் தாய்மொழியில் நடத்த வேண்டும் என்றார் டாக்டர். தமிழ் தெரிந்த பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் முன்பு இருந்தார். பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டார். இப்போது இருக்கும் நூருலுக்குத் தமிழ் வராது. அதனால் நன்றாகத் தமிழ் தெரிந்த, ரத்தம் பார்த்து அழாத ஒருவரை அழைத்து வரச் சொன்னார். அவர் எதிரில் உட்கார்ந்து, பதில் சரியா தவறா என்று சொன்னால் போதும்.

அதற்குத்தான் கூட்டம்.

கணவன் ஜெயபாலன் சிங்கப்பூர்க் கப்பல்பட்டறையில் கிரேன் ஓட்டுபவன். உயரத்துக்கு அஞ்சாதவன், கோழி அறுப்பதைப் பார்த்தால் மயங்கி விழுபவன். மகள் லோஷினி, "நான் உக்காந்துக்கிறேன், அம்மா என்ன சொன்னாலும் எனக்குப் புரியும்," என்றாள்.

"புரிவது வேறு, சரியாக இருப்பது வேறு," என்று ஒரு குரல் சோபாவிலிருந்து எழுந்தது.

ஜெயபாலனின் அண்ணன். பெற்றோர் வைத்த பெயர் ரூபேந்திரன். முப்பது வருடம் காப்புறுதிப் பாலிசி விற்றவர். ஓய்வு பெற்ற மறுமாதமே தமிழ் ஆபத்தில் இருப்பதைக் கண்டுபிடித்தார். முதல் வேலையாகத் தம் பெயரைக் காப்பாற்றினார்: ரூபம் எழில் ஆயிற்று, இந்திரன் வேந்தன் ஆனான், ரூபேந்திரன் எழில்வேந்தன் ஆனார். அடையாள அட்டையில் மட்டும் பழைய பெயரே இருந்தது. அதை மாற்றப் பதிவிலாகாவில் வரிசையில் நிற்க வேண்டும். தமிழ் அவ்வளவு கேட்கவில்லை. பிறகு தென்முனைத் தூயதமிழ்ப் பேரவை என்று ஒன்றைத் தொடங்கித் தலைவரானார். பேரவை அவருக்குச் 'செந்தமிழ்ச் சுடரொளி' பட்டம் வழங்கியது. மேடையில் அவருக்கு அதை வழங்க வேண்டிய தலைவரும் அவரே என்பதால், துண்டைத் தாமே எடுத்துத் தாமே போர்த்திக்கொண்டார் என்று பார்த்தவர்கள் சொல்வார்கள்.

அவருடைய பேரப்பிள்ளைகள் அவரை 'கிராண்ட்பா' என்றுதான் கூப்பிடுவார்கள். அது அவர் காதில் விழுவதில்லை. மற்றவர் பேச்சு மட்டும் விழும். போன வருடம் ஒரு சாவு வீட்டில், "என்ன உட்டுட்டுப் போயிட்டீங்களே," என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுத பெண்ணின் அருகில் குனிந்து, "'விட்டுவிட்டு' அம்மா," என்று திருத்தியவர் அவர். அந்தப் பெண் ஒரு கணம் அழுகையை நிறுத்தினாளாம். அதைத் தம் தொண்டுகளில் ஒன்றாக அவர் சொல்லிக்கொள்வார்.

"மருத்துவர் நல்ல தமிழ் தெரிந்தவரைக் கேட்கிறார்," என்றார் எழில்வேந்தன். "இந்த ஜொகூரில் வேறு யாரைக் கேட்க முடியும்?"

"அண்ணன் படிச்சவரு லா," என்றான் ஜெயபாலன், பிரச்சினை தீர்ந்த மகிழ்ச்சியில்.

லோஷினி அம்மாவைப் பார்த்தாள். கஸ்தூரி கூரையைப் பார்த்தாள். கணவனின் அண்ணனை வேண்டாம் என்று சொல்லும் வார்த்தை மட்டும், கேவர்நோமா வருவதற்கு முன்பிருந்தே அவளுக்கு வராது.

மறுநாளே பயிற்சி ஆரம்பமாயிற்று. நூருல் படங்களைக் கொடுத்து, எந்தப் படத்துக்கு அவள் வழக்கமாக என்ன சொல்வாள் என்று வீட்டில் பார்த்து வரச் சொல்லியிருந்தாள். 'வழக்கமாக' என்ற சொல்லை எழில்வேந்தன் வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

முதல் படம் ஒரு கோப்பை.

"கோப்பி," என்றாள் கஸ்தூரி.

"குளம்பி."

"அது மாட்டுக்கு இருக்கிறது இல்லையா, மாமா?"

"அது குளம்பு. இது குளம்பி."

சப்பாத்து காலணி ஆயிற்று. ரொட்டி வெதுப்பி ஆயிற்று. சாவி திறவுகோல், அலமாரி நிலைப்பேழை, பாசார் அங்காடி. பஸ் படம் வந்தபோது கஸ்தூரிக்குப் பொறுக்கவில்லை. "மாமா, பஸ்ஸ வெச்சுத்தான் நான் சோறு திங்கிறேன். அதையாவது உட்டுடுங்க."

"பேருந்து," என்றார் அவர், காப்புறுதித் தவணை கேட்கும் அதே பொறுமையோடு. "அம்மா, உன் மூளையைத் திறக்கப் போகிறார்கள். திறந்து பார்த்தால் உள்ளே தமிழ் இருக்க வேண்டாமா?"

எல்லாவற்றிலும் பெரிய போர் வாழைப்பழத்தில் நடந்தது. கஸ்தூரிக்கு அது வாளப்பளம். எஸ்டேட்டில் பிறந்த அவள் அம்மாவுக்கும் அப்படித்தான். நாக்கை உள்ளே மடித்து, அண்ணத்தைத் தொட்டும் தொடாமலும் நிறுத்தச் சொன்னார் எழில்வேந்தன். தமிழுக்கே உரிய சிறப்பு ழகரம் என்றார். உலகில் வேறெந்த இனத்துக்கும் இந்தப் பாக்கியம் இல்லை என்றார். அவள் பாத்திரம் கழுவும்போதும் துணி காயப்போடும்போதும் நாக்கை மடித்துக்கொண்டு திரிந்தாள். டிரைவர்கள் போன் பண்ணினால் லோஷினிதான் எடுத்தாள்: "அம்மா நாக்கு பிஸியா இருக்கு."

லோஷினி ஒருமுறை நேராகவே கேட்டாள். "பெரியப்பா, டாக்டர் கேட்டது அம்மா எப்பவும் சொல்றது. நீங்க சொல்லிக் குடுக்கிறது இல்ல. அரை மயக்கத்துல இதெல்லாம் ஞாபகம் வருமா?"

"மொழி என்பது இரத்தத்தில் இருப்பது, லோஷினி. மயக்கத்தில்தான் தூய்மையாக வரும்."

அறுவைக்கு முந்தைய வாரம், விழித்திருக்கும்போது ஒரு சோதனை வைத்தார்கள். கஸ்தூரி தேர்வுக்குப் போகும் பள்ளிக்கூடப் பெண்ணைப் போல மூச்சைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒப்பித்தாள். குளம்பி. வெதுப்பி. நாக்கு கொக்கி போல மடிந்து 'வாழைப்பழம்' வந்து விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் எழில்வேந்தன், "கரெக்ட்," என்றார். நூருலுக்கு மகிழ்ச்சி. இந்தப் புவான் எல்லாப் படங்களுக்கும் சரியாகப் பெயர் சொல்கிறார். இனி அரங்கில் ஏதாவது தவறினால் அதற்குக் காரணம் டாக்டரின் மின்சார ஊசிமுனைதான்.

அப்படித்தான் எல்லாரும் நம்பினார்கள்.

அறுவை நாளன்று வெளியே தாதி ஒருத்தி மலாய் மரியாதையோடு, "என்சிக் ரூபேந்திரன்," என்று கூப்பிட்டாள். யாரும் எழவில்லை. இரண்டாம் முறை இன்னும் உரக்கக் கூப்பிட்டபோது செந்தமிழ்ச் சுடரொளி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு எழுந்து போனார்.

கஸ்தூரியை எழுப்பியபோது அவள் வலப்பக்கமாகப் படுத்திருந்தாள். தலை அசையவில்லை; இரும்புச் சட்டம் ஒன்று அதைப் பிடித்திருந்தது. முகத்தைச் சுற்றிக் கூடாரம் போல நெகிழித் திரை. திரைக்கு அந்தப் பக்கம், அவள் தலைக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் டாக்டர் ஓங்கின் குரல். இந்தப் பக்கம் தாழ்ந்த நாற்காலியில் பச்சை அங்கியும் தொப்பியும் முகக்கவசமுமாக ஒரு உருவம். மூச்சு ஏறி ஏறி அதன் மூக்குக்கண்ணாடி பனி படர்ந்திருந்தது. பேரவைத் தலைவர்தான். பக்கத்தில் நூருல் தட்டைக்கணினியைப் பிடித்திருந்தாள்.

குடையின் படம் வந்தது. கஸ்தூரியின் வாய் வறண்டிருந்தது. மயக்க மருந்து இன்னும் முழுதாக இறங்கவில்லை.

"கொட."

எழில்வேந்தன் யோசித்தார். கொடை என்றால் ஈகை. குடை அன்று. "ராங்," என்றார்.

"கொஞ்சம் தள்ளிப் போறேன்," என்றது டாக்டர் குரல், ஆங்கிலத்தில்.

கோப்பை வந்தது. "கோப்பி."

"ராங்."

காலணி. "சப்பாத்து."

"ராங்."

வாரக்கணக்கில் மேலே பூசிய தமிழ் அவ்வளவும் முதல் மழையில் சுவர்ச் சுண்ணாம்பு போல வழிந்து போயிருந்தது. கீழே இருந்ததுதான் வந்தது. அவள் அம்மா பேசியது, அவள் கடைத்தெருவில் பேசியது, பஸ்களை ஓட்டியது. ஒவ்வொன்றுக்கும் எதிரே இருந்த உருவம் சோகமாகத் தலையை ஆட்டி, 'ராங்' என்றது. ஒவ்வொரு 'ராங்'குக்கும் மேலே டாக்டர் பாதையை மாற்றினார். நேராகப் போக வேண்டிய இடத்தில் சுற்றிப் போனார். "இந்தப் பக்கம் பூராவும் பேச்சா இருக்கே. இவ்வளவு நான் எதிர்பார்க்கல," என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். அது பேச்சு நரம்பல்ல, பேரவையின் கொள்கை என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ஆனாலும் அவர் கெட்டிக்காரர். சுற்றியும் வளைத்தும் அந்த முசுக்கட்டைப் பழத்தை எட்டினார். தலைமுடி பருமன் கருவிகளால் துணுக்குத் துணுக்காக எடுத்தார். அதன் அடிப்பக்கத்தில், கடைசித் துணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அங்கே ஊசிமுனையை வைத்தார்.

வாழைப்பழம் வந்தது.

"வாளப்பளம்," என்றாள் கஸ்தூரி.

"ராங்." இந்த முறை எழில்வேந்தனின் குரலில் வருத்தத்தோடு ஒரு நிபுணத்துவமும் இருந்தது. "புரொனன்சியேஷன், டாக்டர். நாக்கு வளையவில்லை. தி டங் இஸ் நாட் கர்லிங்."

மேலே எல்லாச் சத்தமும் நின்றது.

"நாக்கா? போன வாரம் வளைஞ்சுதா?"

"பிரமாதமாக வளைந்தது."

"இன்னொரு தடவ காட்டுங்க."

"வாளப்பளம்."

"ராங்."

"நாக்கோட அசைவு நரம்பு," என்றார் டாக்டர் மெல்ல. "அது போச்சுன்னா பேச்சும் போகும், விழுங்கறதும் போகும். அவ்வளவுதான். நான் இங்க நிறுத்திக்கிறேன். கொஞ்சம் மிச்சம் இருக்கு. விட்டுடலாம்."

கஸ்தூரிக்கு ஆங்கிலம் தெரியும். சிங்கப்பூர்க்காரன் பஸ் லேட் என்று கத்தும் ஆங்கிலமெல்லாம் கேட்டவள். 'மிச்சம்' என்ற சொல் அவள் காதில் விழுந்தது. துளி மிச்சம் வைத்தாலும் கசியும். தலைக்குள் அந்தப் பழத்தின் ஒரு முத்தை வைத்து மூடித் தைத்து வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள். எதற்காக என்றும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. எதிரில், பனி படர்ந்த கண்ணாடிக்குப் பின்னால், 'தமிழைக் காத்தேன்' என்ற திருப்தியோடு இரண்டு கண்கள் இருந்தன.

அவளால் கையை ஓங்க முடியாது. எழுந்து போக முடியாது. முகத்தைக்கூடத் திருப்ப முடியாது. அசையக்கூடியது ஒன்றுதான் இருந்தது.

"டாக்டர், ஜாங்ஙான் பெர்ஹெந்தி," என்றாள். நிறுத்தாதீங்க. மலாயில் தெளிவாக, ஒரு எழுத்து பிசகாமல் சொன்னாள். "நாக்குக்கு ஒண்ணும் இல்ல. நான் சின்னதுலேர்ந்து இப்படித்தான் சொல்றேன். இவருக்கு அது புடிக்கல. அவ்வளவுதான்."

பிறகு தமிழுக்கு வந்தாள்.

"மாமா, கண்ணாடியத் தொடச்சிட்டு எம்மூஞ்சியப் பாருங்க. எனக்கு வாளப்பளந்தான். எங்கம்மாவுக்கு வாளப்பளந்தான். உங்கள பெத்தவங்களும் சாகுற வரைக்கும் வாளப்பளமின்னுதான் சொன்னாங்க. அவங்க வாயில நீங்க ராங் போட்டீங்களா? ரொட்டிய வெதுப்பின்னு சொன்னா எந்தக் கடைக்காரன் குடுப்பான்? மண்டையத் தொறந்து வெச்சுக்கிட்டுப் படுத்திருக்கேன், நீங்க எனக்குப் பரீட்ச வெக்கிறீங்களா? மிச்சம் வெச்சு மூடினா உங்க பேரவையா வந்து எனக்குப் பேசும்?"

கோபத்தின் உச்சியிலும் 'மாமா' தவறவில்லை. 'நீங்க' தவறவில்லை. மரியாதை விகுதிகள் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் இருந்தன. வேறு யாராவது கேட்டிருந்தால் இந்த மூளையின் இலக்கணப் பகுதிக்கு ஒரு குறையும் இல்லை என்று சான்றிதழ் கொடுத்திருப்பார்கள்.

"மிஸ்டர் ரூபேந்திரன்," என்றது திரைக்குப் பின்னாலிருந்த குரல். "அவங்க சாதாரணமா அந்தப் பழத்த எப்படிச் சொல்லுவாங்க?"

"டாக்டர், தமிழ் இலக்கணப்படி..."

"இலக்கணம் கேக்கல. இது புதுசா? எப்பவும் இப்படித்தானா?"

எழில்வேந்தனின் கண்ணாடியைப் பனி முழுதாக மூடிக்கொண்டது.

"எப்பவும் இப்படித்தான்," என்றார்.

"கோப்பி? சப்பாத்து? நீங்க ராங் சொன்னதுல எது புதுசு?"

தொழிலில் பாலிசியின் சின்ன எழுத்தை வாடிக்கையாளர் கண்டுபிடிக்கும்போதுகூட பதில் சொல்ல அவர் இவ்வளவு நேரம் எடுத்ததில்லை.

"எதுவும் இல்லை."

டாக்டர் ஓங் ஹொக்கியனில் ஒரு சொல் சொன்னார். அந்த அரங்கில் அது புரிந்த இன்னொரு ஆள் கஸ்தூரிதான். அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

"படத்த மூடுங்க, நூருல்," என்றார் அவர். "புவான், நீங்க பேசிக்கிட்டே இருங்க. என்ன வேணும்னாலும் பேசுங்க. நான் அந்த மிச்சத்த எடுக்கப் போறேன்."

"என்ன வேணுமின்னாலுமா?"

"நிறுத்தாம இருந்தா போதும்."

எழில்வேந்தன் நாற்காலியிலிருந்து எழப் பார்த்தார். நூருல் அவர் தோளில் கை வைத்தாள். "தயவுசெஞ்சு உக்காருங்க, என்சிக். உங்களப் பாத்தாத்தான் அவங்களுக்குப் பேச்சு நல்லா வருது."

அவர் உட்கார்ந்தார்.

இருபது ஓட்டுநர்களை மேய்த்த வாய் அது. அதுவரை மூத்தார் என்பதற்காக மூடி வைத்திருந்த பகுதி திறந்தது. அவருடைய பட்டத்திலிருந்து தொடங்கினாள். துண்டைத் தாமே போர்த்திக்கொண்ட விழாவுக்கு வந்தாள். சாவு வீட்டில் இவர் அழ விடாமல் திருத்தியவளின் பெயரைச் சொன்னாள். பேரப்பிள்ளைகளின் 'கிராண்ட்பா'வை இழுத்தாள். ஒரு கல்யாணப் பந்தியில், "மிளகாய்ச் சாந்து" என்று கேட்டு, பரிமாறியவன் புரியாமல் விழிக்க, கடைசியில், "சம்பல் கொண்டா லா," என்று இவர் கத்தியதை இத்தனை நாள் கழித்துத் தூசி தட்டி எடுத்து வைத்தாள்.

"கரெக்டா?" என்று இடையிடையே திரைக்குப் பின்னாலிருந்து குரல் கேட்டது. "வாக்கியம் சரியா வருதா? மிஸ்டர் ரூபேந்திரன், நீங்கதான் சொல்லணும்."

"கரெக்ட்," என்றார் எழில்வேந்தன்.

"நீங்க தமிழுக்கு வேலி இல்ல மாமா, அதுல மாட்டிக்கிட்டுத் தொங்குற கந்தத் துணி."

"கரெக்டா?"

"கரெக்ட்."

"வெறும் காத்தடைச்ச பலூனு."

"கரெக்டா?"

"கரெக்ட்."

ஒரு கட்டத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. கண் செருகியது. "பேச வைங்க, தூங்க விடாதீங்க," என்றார் டாக்டர் அவசரமாக. நூருல் பெரியவரைப் பார்த்தாள். மானத்தின் கடைசித் துணுக்கையும் தாமே எடுத்துக் கொடுக்க வேண்டிய நிலை அவருக்கு. அவர் குனிந்து, மெதுவாக, "கஸ்தூரி, பேருந்து..." என்றார்.

கண்கள் திறந்தன.

"பேருந்தா? எந்தப் பேருந்து? நான் எந்த டிரைவருக்குப் போன் போட்டு 'பேருந்த எடு'ன்னு சொல்லியிருக்கேன்? அப்படிச் சொன்னா செல்லப்பண்ணன் எனக்குப் பேய் புடிச்சிருக்குன்னு கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிருவாரு. நீங்க மட்டும், நான் கல்யாணமாகி வந்த புதுசுல எங்கூட்டுக்கு எதுல வந்தீங்க? பஸ்ஸுலதான? அப்ப கண்டக்டர்கிட்ட என்னன்னு... என்னன்னு... என்..."

நின்றது.

வாய் திறந்திருந்தது. உதடுகள் அசைந்தன. சத்தம் இல்லை. கஸ்தூரியின் கண்கள் எதிரில் இருந்த முகத்தைத் தேடின. ஹெட் ஆபீஸ் நின்றுபோன அந்தக் காலை மறுபடியும் வந்துவிட்டது. பஸ் தெரிந்தது, கண்டக்டர் தெரிந்தார், டிக்கெட் தெரிந்தது. ஒரு சொல்லும் தெரியவில்லை.

தவறு என்பது எப்படி இருக்கும் என்று எழில்வேந்தன் அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தார்.

"டாக்டர், ஸ்டாப் பண்ணுங்க, பேச்சு நின்னுடுச்சு, ஸ்டாப், ஸ்டாப்," என்றார். தூய தமிழ் ஒன்றுகூட அவர் துணைக்கு வரவில்லை.

ஊசிமுனை விலகியது. மூன்று மூச்சு கழிந்தது.

"...கேட்டீங்க டிக்கெட்டு," என்றாள் கஸ்தூரி.

"இதுதான் நிஜமான எல்லை," என்றார் டாக்டர். "இப்பத் தெரிஞ்சுது. பழம் இதுக்கு இந்தப் பக்கந்தான் இருக்கு. பேசுங்க, புவான்."

அவள் பேசினாள். அவர் எடுத்தார்.

மறுநாள் எடுத்த படத்தில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. மிச்சம் இல்லை. ஜெயபாலன் படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டு, "எல்லாம் நல்லா முடிஞ்சுருச்சு. அண்ணன் மேல கோவப்படாத. அவரு நல்லதுக்குத்தான் செஞ்சாரு," என்றான்.

"மிச்சம் வெச்சிருந்தா?" என்றாள் கஸ்தூரி.

"வெக்கலியே லா."

"நான் வாய மூடிக்கிட்டுப் படுத்திருந்தா?"

ஜெயபாலன் கிரேனில் ஏறிவிட்டால் நன்றாக இருக்கும் என்பது போல மேலே பார்த்தான்.

எழில்வேந்தன் வாயே திறக்காமல் இருந்திருந்தால் கதை இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் பேரவைக்கு ஆண்டுவிழா வந்தது. அழைப்பிதழ் வந்தது. 'மூளையின் ஆழம் வரை தமிழ்' என்பது தலைப்பு. அறுவை அரங்கில் அருந்தமிழ் காத்த அறிஞருக்குப் பாராட்டு. சிறப்பு வருகை: திருமதி கஸ்தூரி ஜெயபாலன்.

"போகாதம்மா," என்றாள் லோஷினி.

"போகணும்," என்றாள் கஸ்தூரி. தலையில் முடி முளைத்திருக்கவில்லை. தையல் தெரியாமல் ஒரு துணியைக் கட்டிக்கொண்டாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. எழில்வேந்தன் பேசினார். அறுவைக் கத்திகளுக்கு நடுவே தாம் அஞ்சாமல் அமர்ந்திருந்ததைச் சொன்னார். நோயாளி அரைமயக்கத்திலும் செந்தமிழிலேயே உரையாடியதைச் சொன்னார். தாம் சொல்லச் சொல்ல மருத்துவர் கத்தியை நகர்த்தியதைச் சொன்னார். அந்த ஒன்று மட்டும் உண்மை. கைதட்டல் எழுந்தது. அந்தச் சூட்டில், மேசையிலிருந்த பழத்தட்டிலிருந்து ஒன்றை எடுத்து உயர்த்திப் பிடித்தார்.

"என் தம்பியின் துணைவியார் இங்கே இருக்கிறார். சிறப்பு ழகரம் அவர் நாவில் எப்படி நடமாடுகிறது என்று நீங்களே கேளுங்கள். வா அம்மா."

கஸ்தூரி மேடை ஏறினாள். மைக்கைக் கையில் வாங்கினாள். பழத்தைப் பார்த்தாள்.

"வாளப்பளம்," என்றாள்.

"தவறு," என்றார் எழில்வேந்தன். பழக்கதோஷம். அது மைக்கில் விழுந்து மண்டபம் முழுக்கக் கேட்டது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

"கேட்டீங்களா?" என்றாள் கஸ்தூரி மண்டபத்தைப் பார்த்து. அவள் குரல் உயரவில்லை. "என் தலையத் தொறந்து வெச்சிருந்தப்ப இவரு சொன்னது இதேதான், 'ராங்'னு. இதக் கேட்டுத்தான் டாக்டரு கத்தியக் கீழ வெச்சாரு. மிச்சத்த உள்ளயே வெச்சு மூடப் பாத்தாரு. என் நாக்கு செத்துப்போச்சுன்னு நெனச்சு."

பின்வரிசையில் சாப்பாட்டுக்காகத் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் மேடையைத் திரும்பிப் பார்த்தார்கள். எழில்வேந்தன் பழத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். மேடைப் படியைப் பார்த்து ஒரு அடி எடுத்து வைத்தார்.

கஸ்தூரி ஒரு நாற்காலியை இழுத்து அவருக்கு முன்னால் போட்டாள்.

"உக்காருங்க, மாமா. உங்களப் பாத்தாத்தான் எனக்குப் பேச்சு நல்லா வருது."